நடுங்கும் வலது கால்

மேடையில் பியானோ வாசிப்பவருக்குக் கை நடுங்கும் என்றுதான் 58 வயதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். நடுங்குவது கால். அதிலும் வலது கால் மட்டும்.

போன ஜூலையில் அமெரிக்காவின் வெர்மாண்ட் மலைப்பக்கத்தில், வயது வந்தவர்களுக்கென்றே நடந்த 10 நாள் பியானோ முகாமில் சேர்ந்திருந்தேன். பகலெல்லாம் ஆளுக்கொரு அறையில் சாதகம். சாயங்காலம் சக மாணவர்கள் முன்னால் வாசிப்பு. முதல் நாள் முன்வரிசையில் இடம் கிடைத்தது. என் கண்ணுக்கு நேரே இருந்தது வாசிப்பவரின் முழங்கால். தையல் மிஷின் மிதிப்பதுபோல் அது ஆடிக்கொண்டிருந்தது. அவர் பல் மருத்துவர். அந்நியர் வாய்க்குள் ஊசியும் இடுக்கியுமாகக் காலம் தள்ளியவர். அன்றைக்கும் அவர் கை பிசகவில்லை, கால்தான் காட்டிக்கொடுத்தது.

அடுத்து வந்தவர் ஓய்வுபெற்ற நீதிபதி அம்மாள். பெஞ்சில் உட்காரும் முன்பே, “நேற்று அறையில் நன்றாக வந்தது” என்றார். அந்த வாக்குமூலத்தை அடுத்த 10 நாளில் நாங்கள் 14 பேரும் முறைவைத்துச் சொன்னோம். அவருக்கும் கால் ஆடியது.

வலது பெடலை மிதித்தால், தந்திகளை அமுக்கிக்கொண்டிருக்கும் கம்பளித் துண்டுகள் மொத்தமாக எழும்பும். கட்டையை விட்டு விரலை எடுத்த பிறகும் ஒலி நிற்கும். குதிகால் தரையில், முன்பாதம் பெடலில் என்று காலைப் பாதி அந்தரத்தில் வைத்திருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து ரத்தத்தில் அட்ரினலின் ஏறினால் கால் வேறென்ன செய்யும்? நம் வித்வான்கள் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அதன் மேல் பட்டு வேட்டியையும் பரப்பிக்கொள்வதில் இப்படியொரு சூட்சுமம் இருக்கிறது என்று எனக்கு அங்கேதான் தோன்றியது. சின்னப் பிள்ளைகளுக்கும் பியானோவில் இந்தத் தொல்லை இல்லை. அவர்களுக்குக் கால் பெடலுக்கு எட்டாது.

ராத்திரி தூக்கம் வராமல் முகாம் வீட்டுப் புத்தக அலமாரியைக் குடைந்தபோது எமி ஃபே அகப்பட்டார். ‘மியூசிக் ஸ்டடி இன் ஜெர்மனி’ 1880-இல் வந்த புத்தகம். பியானோ கற்க ஜெர்மனிக்குப் போன அமெரிக்கப் பெண் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள். 20 தடவைக்கு மேல் அச்சானதாம். முன்னட்டை கழன்று கிடந்தது. முகாமின் பாதி நாள் எனக்கு அதிலேயே போயிற்று.

1869-இல் பெர்லின் போய்ச் சேர்ந்தபோது அவருக்கு 25 வயது. ஊரில் நன்றாக வாசிப்பவர் என்று பெயரெடுத்தாயிற்று. முதல் குரு டௌசிக், பியானோ மேதை லிஸ்ட்டின் நேர் சீடர். மாணவரைப் பெஞ்சிலிருந்து எழுப்பித் தள்ளிவிட்டுத் தானே உட்கார்ந்து வாசித்துக் காட்டுவதுதான் அவருடைய பாடமுறை. பார்த்துக்கொண்டிருந்தவர் என்ன கற்றாரோ! அடுத்த வருஷமே அந்த மனிதர் தன் பியானோ பள்ளியைத் திடீரென்று மூடினார். அதற்கடுத்த வருஷம் 29 வயதில் இறந்தும் போனார். பிறகு எமி, குல்லாக் என்ற ஆசிரியரிடம் போனார். 1873 கோடையில் வைமார் ஊருக்குப் போய் லிஸ்ட்டையே பிடித்துவிட்டார்.

லிஸ்ட்டுக்கு அப்போது 61 வயது. 1869 முதல் ஒவ்வொரு வருஷமும் சில மாதங்கள் வைமாரில், அரண்மனைத் தோட்டக்காரருக்கான வீட்டில் தங்குவார். மத்தியானத்துக்கு மேல் சீடர்கள் கூடுவார்கள். கொண்டுவந்த இசைத் தாள்களை ஒரே குவியலாக வைப்பார்கள். அவர் அதிலிருந்து ஒன்றை எடுப்பார். எடுத்தது யாருடையதோ அவர் வாசிக்க வேண்டும், மற்றவர்கள் கேட்கக் கேட்க. ஒரு காசு வாங்கமாட்டார். இன்று உலகமெங்கும் ‘மாஸ்டர் கிளாஸ்’ என்று நடப்பது அந்தத் தோட்ட வீட்டின் வழிவந்ததுதான். எங்கள் வெர்மாண்ட் முகாமுக்கும் அதுவே பூர்வீகம். காசு விஷயத்தில் மட்டும் சம்பிரதாயத்தை மாற்றிவிட்டார்கள்.

என்னைப் பிடித்து நிறுத்தியது லிஸ்ட் கதையல்ல, அதற்குப் பிறகு நடந்தது. வேறொருவராக இருந்தால் லிஸ்ட்டின் சிஷ்யை என்ற பட்டத்தோடு ஊர் திரும்பியிருப்பார். எமி பெர்லினுக்குத் திரும்பி, வெளியூரில் அவ்வளவாகப் பெயர் தெரியாத டெப்பே என்பவரிடம் சேர்ந்தார். டெப்பே அவரை அரிச்சுவடிக்கே கொண்டுபோய் உட்கார வைத்தார். பெஞ்சைத் தாழ்த்து, விரலை ஓங்கி அடிக்காதே, அதன் கனத்துக்கே விழவிடு, மெதுவாக வாசி, இன்னும் மெதுவாக. பெடலையும் சுரத்தோடு சேர்த்து மிதிக்காதே, அடித்த மறுகணம் மிதி. நாலு வருஷம் மூன்று ஆசான்களைப் பார்த்தவருக்கு, அதிலும் லிஸ்ட்டின் முன் வாசித்தவருக்கு, மறுபடி ஒன்றாம் வகுப்பு! அதை அவர் அவமானமாக எழுதவில்லை. தொலைத்த சாவி கிடைத்துவிட்டதுபோல, பக்கம் பக்கமாக, படிப்பவருக்கே அலுக்கும் அளவு சந்தோஷமாக எழுதுகிறார். பிற்பாடு அமெரிக்கா திரும்பி ‘பியானோ உரையாடல்கள்’ என்று புதுமாதிரிக் கச்சேரி செய்தார்: முதலில் பேசுவார், பிறகு வாசிப்பார். எங்கள் நீதிபதி அம்மாளின் வழிதான். எமி மன்னிப்புக் கேட்கவில்லை என்பதே வித்தியாசம்.

நான் 33 வருஷம் வங்கியில் இருந்தவன். ஒப்பமிடும் நாற்காலிக்கு வந்த பிறகு, தெரியாத காரியத்தை நாலு பேர் பார்க்கச் செய்ய வேண்டிய அவசியமே எனக்கு நேரவில்லை. தெரியாத கோப்பை அடுத்த மேஜைக்குத் தள்ளிவிடலாம். கொஞ்சம் கனைத்துக்கொண்டு, “பார்த்துச் சொல்கிறேன்” எனலாம். பதவி உயர்வு என்பதே இப்படித் தப்பிக்கும் வழிகள் ஒவ்வொன்றாகக் கூடுவதுதான் என்று இப்போது தோன்றுகிறது. பல் மருத்துவரும் நீதிபதியும் அவரவர் துறையில் அப்படித்தான் இருந்திருப்பார்கள். பியானோவுக்கு அடுத்த மேஜை கிடையாது. கால் நடுங்கியதற்கு அட்ரினலின் காரணம் என்று மேலே எழுதினேன். பாதி உண்மைதான் அது.

மூன்றாம் நாள் ஆசிரியையிடம் காலைப் பற்றிப் புகார் சொன்னேன். அவர் என் பாதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “ஆடினால் ஆடட்டும், பெடலை முழுக்க அழுத்தாதீர்கள்” என்றார். பெடலை மேலாகத் தொட்டு வேகமாகத் துடிக்கவிட்டால், கம்பளி தந்தியை உரசி உரசி விலகும். ஒலி பட்டென்று அறுபடாமல் ஈரத்துணி காய்வதுபோல் படிப்படியாக வடியும். தேர்ந்த கலைஞர்கள் வேண்டுமென்றே பழகுகிற உத்தியாம் அது. அவர்கள் வருஷக்கணக்கில் சாதகம் செய்து கொண்டுவருவது எனக்குப் பயத்திலேயே வந்துவிட்டது. இடம் பொருள் தெரியாமல் வருகிறது, அவ்வளவுதான்.

கடைசி மாலை நான் வாசித்தது ஜெர்மன் இசையமைப்பாளர் ஷூமனின் ‘ட்ரொய்மெராய்’. 1838-இல் அவர் எழுதிய ‘கிண்டர்ஸ்ஸேனன்’ வரிசையில் ஏழாவது. பிள்ளைப் பருவக் காட்சிகள் என்று தலைப்பிட்டுவிட்டுப் பெரியவர்களுக்காக எழுதியது. மெதுவான உருப்படி, ஒளிந்துகொள்ள அதில் சந்து பொந்து இல்லை. இரண்டாவது வரியில் கால் ஆரம்பித்துவிட்டது. பாதத்தை எடுத்துவிட்டு நாலைந்து தாளக்கட்டு பெடல் இல்லாமல் வறட்டு வறட்டென்று வாசித்தேன். பிறகு மறுபடி வைத்தேன். அது பாட்டுக்கு ஆடியது, நான் பாட்டுக்கு வாசித்தேன். ஒரு சுரம் தப்பு, ஓர் இடம் மறந்து திரும்பி வந்தேன். முடிந்ததும் தட்டினார்கள். யாரும் செத்துப்போகவில்லை.

இறங்கியதும் பல் மருத்துவர் கைகொடுத்துவிட்டு ஒரு சேதி சொன்னார். டெக்சஸில் ஃபோர்ட் வொர்த் நகரத்தில் பியானோ கலைஞர் வான் கிளைபர்ன் பெயரில், தொழில்முறைக் கலைஞரல்லாத பியானோக்காரர்களுக்கு ஒரு போட்டி 1999-இல் தொடங்கி நடந்துவருகிறதாம். சேருவதற்கு 35 வயது ஆகியிருக்க வேண்டும். இப்போதைக்கு என்னிடம் இருக்கும் தகுதி அது ஒன்றுதான்.