முழு வேகம் இதுதான்

விண்டர்மியர், இங்கிலாந்தின் மிகப் பெரிய இயற்கை ஏரி. நீளம் கிட்டத்தட்ட 18 கிலோமீட்டர். அதன் கரையில் 2006இல் மூடப்பட்ட நீராவிப் படகு அருங்காட்சியகம், செம்புத் தகடு போர்த்த புதுக் கட்டடங்களோடு 2019இல் மறுபடி திறந்தது. வெளியே மாதிரிப் படகு விட ஒரு சின்னக் குளம். அவ்வளவு பெரிய ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இந்தக் குளத்தைக் குனிந்து பார்க்கிறது கூட்டம். நானும் ஓரமாக நிற்கிறேன்.

பெரியவர் ஒருவர் மடக்கு மேசையில் படகை வைத்திருக்கிறார். மரத்தில் இழைத்த உடல், பித்தளைப் புகைபோக்கி, அசலில் பன்னிரண்டில் ஒரு பங்கு. ஊசியில்லாத சிரிஞ்சால் கொதிகலனுக்குள் காய்ச்சி வடித்த நீரைச் செலுத்துகிறார். பிறகு சுண்டுவிரல் பருமனுள்ள ஒரு குப்பியில் கெட்டி எண்ணெய். நீராவி அதற்குள் போய்க் குளிர்ந்து நீராகி அடியில் தங்கும். தங்கத் தங்க எண்ணெய் மேலெழும்பி எஞ்சினுக்குப் போகும். பம்பு கிடையாது. எண்ணெயைவிட நீர் கனமானது என்பதே போதும்.

கேஸைப் பற்றவைத்துவிட்டுக் காத்திருக்கிறார். "என்ன விலை ஆச்சு?" என்கிறார் வந்து நின்ற ஒருவர். பெரியவர் அழுத்தமானியைப் பார்த்தபடியே இருக்கிறார்.

முள் ஏறுகிறது. வால்வைத் திறந்ததும் எஞ்சின் ஓடவில்லை, வெந்நீரைத் துப்புகிறது. விரலால் சக்கரத்தை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டதும் பிடித்துக்கொள்கிறது.

குளத்தில் ஏற்கெனவே ஒரு சிறுவனின் பேட்டரிப் படகு சீறிக்கொண்டிருக்கிறது. அது கிளப்பும் அலையில் இந்தப் படகு தலையாட்டிக்கொண்டு, ஒருவர் உடன் நடந்து போகும் வேகத்தில் நகர்கிறது.

"ஏன் இவ்வளவு மெதுவா போகுது?"

"முழு வேகம் இதுதான்."

பையனுக்கு நம்பிக்கை வரவில்லை. பெரியவர் சொன்னது கணக்கு. உருவம் பன்னிரண்டில் ஒன்றானால் வேகம் பன்னிரண்டில் ஒன்றாகாது. பன்னிரண்டின் வர்க்கமூலத்தால், கிட்டத்தட்ட மூன்றரையால், வகுக்க வேண்டும். அப்போதுதான் முன்மூக்கில் எழும் அலை அசல் படகின் அலைபோலவே விழும். விசையைக் கூட்டினால் படகு அந்தக் கணமே பொம்மையாகிவிடும். வேகத்தை அடக்கத் தெரிந்தவரே இந்தக் கலையில் கைதேர்ந்தவர் என்பது என் கட்சி.

அருங்காட்சியகத்தின் உள்ளே டாலி இருக்கிறது. 1850 வாக்கில் கட்டிய நீராவிப் படகு. 1895இன் கடுங்குளிரில் அல்ஸ்வாட்டர் ஏரியில் மூழ்கி, 1962இல் முக்குளிப்போர் கைகளால் மேலே வந்தது. உலகில் எஞ்சியிருக்கும் இயந்திரப் படகுகளில் மிகப் பழையதென்று அதைச் சொல்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்குத்தான் இந்தக் குளத்தின் அருமை தெரிகிறது. நேரே கேன்டீனுக்குப் போகிறவர்களைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

கேஸ் தீர்ந்து எஞ்சின் தளர்கிறது. கேஸ்தான் முதலில் தீர வேண்டும். நீர் முந்திக்கொண்டால் கொதிகலன் கருகிவிடும் என்பதால் அளந்தே நிரப்புவார்கள். பெரியவர் குப்பியின் அடித்திருகைத் திறந்து, பால்போல் கலங்கிய நீரை வடிக்கிறார். பையன் தன் படகைக் கரையில் போட்டுவிட்டு அருகே வந்து குந்தியிருக்கிறான்.

அந்தப் பக்கம் போக வாய்த்தால் பாருங்கள். விலை மட்டும் கேட்காதீர்கள்.