போத்தலில் எழுதியிருந்தது

தமிழாசிரியன் ஒருவன் டீசலைப் பற்றி எழுதப் புகுந்தால் மலர்க் குழுவினர் நகைப்பர் என்பதை அறிவேன். அவர்கள் என்னிடம் வேண்டியது இலக்கியக் கட்டுரை. ஆயினும், நம் கல்லூரி மாணவர் பதினொருவரைப் பொரளையிலிருந்து நாள்தோறும் ஏற்றிவந்த வான் ஒன்று நடுவீதியிலே நின்றுபோனதற்கு நானும் ஒரு காரணன். அதனை இம்மலரிலே சொல்வதே முறையெனப் பட்டது.

வான்கார அண்ணையின் வீடு எங்கள் ஒழுங்கையின் மூலையிலே உள்ளது. அவரும் நானும் வடமராட்சியிலிருந்து வந்தவர்கள். மண்ணெண்ணெய் எங்களுக்குப் புதியதன்று. 1990க்குப் பின் வடக்கிலே எரிபொருளுக்குத் தடையிருந்த காலத்தில் மோட்டார் சைக்கிள்களும் பழைய கார்களும் மண்ணெண்ணெயிலேயே ஓடின. சில துளி பெற்றோலை விட்டு எந்திரத்தை உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அப்புகையின் மணத்திலே வளர்ந்த எங்களுக்கு, மண்ணெண்ணெய் எதனையும் ஓட்டும் என்ற நம்பிக்கை சிறுவயதிலேயே ஊறிவிட்டது.

2022 மே 24ஆந் திகதி ஓட்டோ டீசல் லீற்றர் 400 ரூபாவாயிற்று. மண்ணெண்ணெயோ 87 ரூபா. டீசலுக்கு விலை கொடுக்க ஆயத்தமானவனும் பெற்றோல் செற்றின் வரிசையிலே இரவு முழுதும் கிடக்கவேண்டும். பெற்றோரிடம் கட்டணத்தை ஓரளவுக்கு மேல் உயர்த்த அண்ணைக்கு மனம் வரவில்லை. ஒருநாள் மாலை, சிறிய போத்தல் ஒன்றுடன் என் வாசலிலே வந்து நின்றார்.

"மாஸ்டர், பஸ்காரர் எல்லாம் மண்ணெண்ணெய் கலந்துதான் ஓடுகினம். அதோட இந்த மருந்தையும் விட்டால் ஒண்டும் செய்யாதாம். இதில என்ன எழுதிக் கிடக்கெண்டு ஒருக்காப் பாருங்கோ."

ஆங்கிலத்திலே நான்கு சிறப்புகள் சொல்லப்பட்டிருந்தன. சீற்றேன் எண்ணை உயர்த்தும். எரிபொருளைச் சிதறும் நுண்துளைகளைச் சுத்தமாக வைத்திருக்கும். பம்பைத் தேயாமற் காக்கும். கடுங்குளிரிலே டீசலின் மெழுகு உறையாமல் தடுக்கும். பொரளையிலே மெழுகு உறைவதெப்படி என்று இருவரும் சிரித்தோம். அச்சிரிப்போடு போத்தலைத் திருப்பிக் கொடுத்து, "விடலாம் அண்ணை, பம்பைக் காப்பாற்றுமெண்டுதான் போட்டிருக்கு" என்றேன். பயிற்றப்பட்ட ஆசிரியன் சொன்னால் அவருக்கு அதற்குமேல் விசாரணை இல்லை.

இடையிலே பாடசாலைகள் மூடப்பட்டன. ஜூலை 25இல் வாரம் மூன்று நாளுக்குத் திறந்தபோது கியூஆர் முறை வந்துகொண்டிருந்தது. வானுக்கு வாரம் 20 லீற்றர். அது காணாது. பாதிக்குப் பாதி மண்ணெண்ணெய், அதன்மேல் ஒரு மூடி மருந்து என்று ஓட்டினார். வான் காலையிலே உயிர்பெற மறுத்தது, ஏற்றத்திலே திணறியது. ஆகஸ்ட் நடுவிலே, பேஸ்லைன் வீதியிலே, கனத்தை மயானத்துக்கு அண்மையிலே நின்றது. மழை வேறு. பிள்ளைகள் பதினொருவரும் புத்தகப் பைகளைத் தலைமேற் பிடித்துக்கொண்டு மதிலோரமாக நின்ற காட்சியை, 154ஆம் இலக்க பஸ்ஸின் யன்னலூடாக நானே கண்டேன்.

பம்பைக் கழற்றிய பாஸ் ஒரு சிங்களவர். நல்ல ஆசிரியராயிருக்க வேண்டியவர். தட்டொன்றிலே பாகங்களைப் பரப்பி, கீறல் விழுந்த உருளையை என் விரலாலேயே தடவச் செய்தார். அவர் விளக்கியதையும் பின்னர் நானாகத் தேடி வாசித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். மண்ணெண்ணெய் டீசல் எந்திரத்திலே எரியாதென்பதில்லை. அதன் சீற்றேன் எண் டீசலுடையதைவிடப் பெரிதும் தாழ்ந்ததன்று. 1900ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியிலே கச்சான் எண்ணெயிலேயே ஒரு டீசல் எந்திரம் ஓடியது. குறை எரிவதிலன்று, வழவழப்பிலே. பழைய பஸ், லொறிகளின் வரிசைப் பம்பிலே அடித்தண்டு எந்திர எண்ணெயிலே தோய்ந்து சுழலும். அண்ணையின் வானிலிருந்த சுழற்பம்புக்கு அந்த எண்ணெய் செல்வதேயில்லை. அதற்கு டீசலே உணவு, டீசலே மசகு. பிசுக்குக் குறைந்த மண்ணெண்ணெய் பாதியளவு கலந்தவுடன் உலோகம் உலோகத்தை உரசத் தொடங்கிவிட்டது. பஸ்காரருக்கு ஒன்றும் ஆகவில்லையே என்ற எங்கள் நியாயம் அங்கே பொய்த்தது.

மருந்து மோசடியா என்று கேட்டேன். "இல்லை, மாத்தயா" என்றார் பாஸ். கந்தகத்தை நீக்கும் சுத்திகரிப்பிலே டீசலின் இயல்பான வழவழப்பும் குறைந்துபோகும். 1990களின் தொடக்கத்திலே சுவீடனில் கந்தகம் மிகக் குறைந்த டீசல் வந்தபோது பம்புகள் தேய்ந்தமை கண்டே இத்தகைய கூட்டுப்பொருள்களைச் சேர்க்கும் வழக்கம் பரவியது. பத்து இலட்சம் பங்கு டீசலுக்குச் சில நூறு பங்கு போதும். அச்சிறு குறையை நிரப்பவே அது வல்லது. பாதித் தாங்கி மண்ணெண்ணெயை டீசலாக்க வல்லதன்று.

வீட்டுக்கு வந்து வெறும் போத்தலை வாங்கிப் பார்த்தேன். பின்புறத்திலே, எறும்பளவு எழுத்திலே, டீசலுக்கு மட்டும் என்றும், வேறெந்த எண்ணெயும் கலந்த எரிபொருளுக்குத் தாங்கள் பொறுப்பல்லர் என்றும் இருந்தது. வேற்றுமையுருபு ஒன்றை விட்டெழுதினால் மாணவனின் புள்ளியைக் குறைப்பவன் நான். முன்பக்கத்தை மட்டுமே வாசித்திருந்தேன்.

பம்பைப் புதுப்பிக்க என் இரண்டு மாதச் சம்பளமளவு வேண்டியிருந்தது. ஆகஸ்ட் 21 நள்ளிரவிலே மண்ணெண்ணெய் 340 ரூபாவாயிற்று. அண்ணை மிச்சம் பிடித்ததெல்லாம் அந்தத் தட்டிலே கிடந்தது. ஞாயிறுகளில் இரண்டு வகுப்பு எடுத்து அரைவாசியைக் கொடுத்தேன். முதலில் வாங்க மறுத்தார். "நீங்கள் எழுதிக் கிடந்ததைத்தானே சொன்னனீங்கள்" என்றார். அச்சொல்தான் இன்றும் உறுத்துகிறது.

வான் இப்பொழுதும் ஓடுகிறது, டீசலிலே. பிள்ளைகளின் இருமல் மருந்தாயினும் பூச்சி மருந்தாயினும் அண்ணை இன்றும் போத்தலோடு என் வாசலுக்கே வருகிறார். நான் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, முதலிலே பின்பக்கத்தைத் திருப்புகிறேன்.