ஒரே சரக்கு... நாலு விலை!

'பதாகை' என்றால் கொடி. கோவில்பதாகை என்று பேரைக் கேட்டாலே கன்னத்தில் போட்டுக்கொள்ளத் தோன்றும். ஆனால், சனிக்கிழமை சாயங்காலம் எங்க தெரு இளவட்டங்கள் கூடினால் பேச்சு 'குவார்ட்டர்' பக்கம்தான் போகும்!

''அதே கம்பெனி, அதே லேபிள். இங்கே ஒரு ரேட்டு, மவுன்ட் ரோடு ஓட்டல்ல மூணு மடங்கு. அது எப்படி ஸார்?'' என்றார் பக்கத்து வீட்டு கிளார்க் பையன்.

நியாயமான கேள்வி. 2003 நவம்பரில் சில்லறை விற்பனையை டாஸ்மாக் கையில் எடுத்தது. அன்றிலிருந்து அம்பத்தூரானாலும் அம்பாசமுத்திரமானாலும் பாட்டிலில் அச்சடித்ததுதான் விலை. அதற்கு மேல் பத்து ரூபாய் கேட்கிறார்கள் என்பது தமிழ்நாடு முழுக்க உள்ள புகார். தினம் ஒரு பாட்டில் வாங்குகிற கொத்தனாருக்கு அதுவே மாசம் 300 ரூபாய். பிள்ளையின் நோட்டுப் புத்தகக் காசு!

சரி, பாட்டிலை வாங்கிக்கொண்டு பக்கத்து பாரில் உட்கார்ந்தால்? தண்ணீர், டம்ளர், சுண்டல்... இதிலெல்லாம் விலை அச்சடித்திருக்காது. சரக்கு ஏறுவதற்கு முன்னாலேயே பில் ஏறிவிடும்!

ஓட்டலில் கதையே வேறு. அங்கே பாட்டில் கணக்கு இல்லை, பெக் கணக்கு. 750 மில்லி பாட்டிலில் 60 மில்லி வீதம் பன்னிரண்டரை 'லார்ஜ்' வரும். ஏ.ஸி., வாடகை, லைசென்ஸ் ஃபீஸ், வெயிட்டர் சம்பளம் எல்லாம் அந்தப் பன்னிரண்டரை தலையில்தான் விடிகிறது. நாம் குடிப்பது பாதி விஸ்கி, பாதி குளிர்காற்று!

நாலாவது விலை, மிலிட்டரி கேன்டீன் விலை. வரிச் சலுகை இருப்பதால் மலிவு. டாங்கி செய்கிற ஊராச்சே ஆவடி, தெருவுக்கு ஒரு ரிடயர்டு சுபேதாராவது இருப்பார். எங்க தெரு சுபேதாரிடம் பையன் நைஸாக, ''அங்கிள், ஒரு பாட்டில்...'' என்று இழுத்தான்.

''தம்பி, அது சிப்பாய்க்குக் கொடுத்த சலுகை. வெளியே வித்தா குத்தம். அவ்வளவு ஆசைன்னா பட்டாளத்துல சேரு!'' என்றார். பையன் கப்சிப்.

ஆக, ரகசியம் சரக்கில் இல்லை, வரியில் இருக்கிறது. பாண்டிச்சேரி மலிவாக இருப்பதும் அதனால்தான். 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோதும் மது அதற்குள் வரவில்லை. அந்தந்த மாநிலம் வைத்ததே வரி. ஸ்காட்லாந்தில் இன்னும் வேடிக்கை. இதற்குக் கீழே விற்கக் கூடாது என்று 2018-ல் குறைந்தபட்ச விலை நிர்ணயித்துவிட்டார்கள்! விலை ஏறினால் குடி குறையும் என்பது அவர்கள் கணக்கு.

குடிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பாட்டிலைத் திறக்கும் முன் லேபிளைப் படியுங்கள். திறந்த பிறகு எழுத்து ரெண்டிரண்டாகத் தெரியும்!