வளையத்துக்குள் கொஞ்சம் வெள்ளை

ஸ்ரீமுஷ்ணம் பூவராகர் தேர்த்திருவிழாவில் வளையல் கடைக்கும் பொரிகடலைக் கடைக்கும் நடுவே பலூன் சுடும் கடை ஒன்று போடுவார்கள். அந்தத் துப்பாக்கியின் முன் சைட் இடதுபக்கம் சாய்ந்திருக்கும். சிவப்புப் பலூனைக் குறிபார்த்தால் அதற்கு வலதுபுறம் உள்ள மஞ்சள் வெடிக்கும். நாலைந்து தடவை காசைத் தொலைத்தபின் சூட்சுமம் பிடிபட்டது: வேண்டிய பலூனுக்கு ஒரு பலூன் இடதாகக் குறிபார்க்க வேண்டும். அன்று அதை என் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டேன். கோணலும் ஒரே மாதிரிக் கோணலாக இருந்தால் சமாளித்துவிடலாம் என்று அந்தத் துப்பாக்கிதான் கற்றுக்கொடுத்திருக்கிறது.

நாற்பதைத் தாண்டியபின் சொந்தமாக ஓர் ஏர் ரைபிள் வாங்கினேன். 4.5 மி.மீ. குழல், ஸ்பிரிங்கில் இயங்குவது. ஆற்றல் 20 ஜூலுக்குள் இருப்பதால் லைசென்ஸ் வேண்டியதில்லை. முதல் நாள், விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறையில் கழித்துப்போட்ட கோப்பை ஒன்றைச் சுவர்மேல் வைத்துச் சுட்டேன். சில்லு ஒன்று காதோரம் விர்ரென்று பறந்தது. அத்தோடு பீங்கானுக்குக் கும்பிடு. கொல்லைக் கதவிலிருந்து முந்திரி மரம் வரை நாடா பிடித்து 10 மீட்டர் அளந்தேன். மரத்தடியில் பழந்துணி அடைத்த மரப்பெட்டி, அதன்மேல் இலக்கு அட்டை.

அந்த அட்டை பொல்லாதது. மொத்த வட்டமே 45.5 மி.மீ. நடுவில் இருக்கும் பத்து மதிப்பெண் வட்டம் வெறும் அரை மி.மீ. புள்ளி. ஒரு வளையத்துக்கும் அடுத்த வளையத்துக்கும் இடைவெளி இரண்டரை மி.மீ. நம் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019-ல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்றது இதே 10 மீட்டரில், இதே அளவு இலக்கில்தான்.

என் குண்டுகள் அட்டையில் அம்மைத் தழும்பு போட்டன. குற்றம் என்னுடையது என்று ஒப்புக்கொள்ள மனசு வருமா? சாமானை மாற்றத் தொடங்கினேன். முதலில் டெலஸ்கோப். நாலு மடங்கு பெரிதாகத் தெரிந்தது அட்டை மட்டுமா, என் நெஞ்சுத் துடிப்பும்தான். போதாததற்கு, ஸ்பிரிங் துப்பாக்கி சுடும்போது பின்னால் ஓர் உதை, முன்னால் ஓர் இழுப்பு. சாதாரண டெலஸ்கோப் பின்னுதையைத் தாங்கும், முன்னிழுப்பைத் தாங்காது. மூன்றே மாதத்தில் உள்ளிருந்த குறுக்குக் கோடு ஆட ஆரம்பித்துவிட்டது. இளவேனில் சுடும் வகைப் போட்டிகளில் டெலஸ்கோப்புக்கு அனுமதியே கிடையாது என்பது பிறகுதான் தெரிந்தது.

அடுத்து டயாப்டர் வந்தது. கண்ணருகே ஊசித்துளை போன்ற பின் சைட். குழல் நுனியில் சின்னக் கூடு, அதற்குள் ஒரு வளையம். கணக்கும் இதற்குச் சாதகம். பழைய சைட்டுகளுக்கு நடுவே 45 செ.மீ. இருந்தது. முன் சைட் ஒரு மயிரிழை, அதாவது 0.1 மி.மீ. விலகினாலே அட்டையில் 2.2 மி.மீ. தப்பும், கிட்டத்தட்ட ஒரு வளையம் போச்சு. டயாப்டர் கண்ணுக்குப் பக்கத்தில் உட்காருவதால் நடுத்தூரம் 75 செ.மீ. ஆனது, அதே மயிரிழைக்குத் தப்பு 1.3 மி.மீ.தான். மறக்காமல் பெல்லட்டையும் மாற்றினேன். தட்டைத் தலை பெல்லட் அட்டையில் ஓட்டையைப் பொத்தான் மாதிரி வெட்டித் தருகிறது. செலவழித்த காசுக்கு நியாயம் செய்தது அது ஒன்றுதான்.

சிக்கல் அந்த முன் வளையத்தில் வந்தது. பெட்டியில் பல அளவுகள் இருந்தன. அட்டையின் கறுப்பு வட்டத்தை இறுக்கிப் பிடித்தால்தானே துல்லியம் என்று இருப்பதிலேயே சின்னதைப் போட்டேன். கறுப்பு வட்டம் வளையத்தின் இந்த ஓரத்தை முட்டியது, அந்த ஓரத்தை முட்டியது. ஒவ்வொரு முட்டலுக்கும் விரல் தயங்கியது. மூச்சு முடிந்து, கை தளர்ந்து, கடைசியில் அவசரத்தில் இழுத்துவிடுவேன். ஒருநாள் சலிப்பில் பெரிய வளையத்தைப் போட்டுப் பார்த்தேன். கறுப்பைச் சுற்றி வெள்ளை கொஞ்சம் தெரிந்தது. கறுப்பு அப்போதும் ஆடத்தான் செய்தது. ஆனால் முட்டுவதற்கு ஓரம் பக்கத்தில் இல்லை. சுற்றிலும் வெள்ளை சமமாக இருக்கிறதா என்பதை மட்டும் கண் பார்த்துக்கொண்டது, அது கண்ணுக்கு எளிய வேலை. விரல் தன்பாட்டுக்கு இழுத்தது. தழும்புகள் நெருங்கி வந்தன.

2008 பெய்ஜிங் ஒலிம்பிக் ஏர் ரைபிள் இறுதிச் சுற்றுக்குச் சற்று முன், அபினவ் பிந்த்ராவின் சோதனைக் குண்டு பத்தை விட்டு வெகுதூரம் விலகிப் போனது. சைட் கலைந்திருந்தது. அவர் க்ளிக் க்ளிக்காகத் திருகிச் சரிசெய்துகொண்டு சுட்டார்; கடைசிக் குண்டு 10.8, தங்கம். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பலூன் கடைதான் ஞாபகம் வரும். சைட் கோணலானால் திருகிக்கொள்ளலாம். கை நடுக்கத்துக்கு எந்தத் திருகும் கிடையாது. இடம்தான் விட வேண்டும்.

போன மாதம் அக்கா மகன் வந்திருந்தான். துப்பாக்கியைத் தோளில் வைத்ததும், "என்ன மாமா, ஆடிக்கிட்டே இருக்கு?" என்றான்.

"ஆடட்டும்டா. சுத்தி வெள்ளை தெரியுதா?"

"தெரியுது."

"அப்பச் சுடு."

முந்திரி மரத்தடியில் டப்பென்று ஒரு சத்தம். எட்டு. பையன் முகம் வாடிவிட்டது. நான் அந்த அட்டையை எடுத்துப் பத்திரமாக வைத்திருக்கிறேன். என் முதல் அட்டையில் எட்டே கிடையாது.