பத்து வளவு சேர்ந்தால் ஒரு விதை

கொட்டியாரக்குடாவின் தென்கரையில், மகாவலி கடலோடு கலக்கும் வண்டல் பூமியில் இருக்கிறது மூதூர். இங்கே வயல் என்றால் நெல். சோளன், பயற்றை, கத்தரி எல்லாம் வீட்டு வளவுக்குள்தான். மார்கழி மழை சற்று ஓய்ந்த ஒரு காலையில் கட்டைபறிச்சான் பக்கம் ஒரு வளவுக்குப் போனேன். அங்கே ஓர் அக்கா ஊர்ச் சோளனையும் பொரிச்சோளனையும் கலந்து புது விதை எடுக்கிறார்.

குலையில் மயிர் எட்டிப்பார்க்கும் முன்பே அதைக் கடதாசிப் பையால் மூடிக் கட்டியிருந்தார். பொரிச்சோளன் செடியின் உச்சிப் பூங்கதிருக்கு முதல்நாள் மாலையே இன்னொரு பை போட்டாயிற்று. பனி காய்ந்து வெயில் ஏறியதும் அந்தக் கதிரை வளைத்துத் தட்டினார். மஞ்சள் மகரந்தம் பையின் அடியில் படிந்தது. ஊர்ச் சோளன் குலையின் பையைக் கழற்றி, மயிரில் மகரந்தத்தைத் தூவி, கண் மூடித் திறப்பதற்குள் திரும்பவும் கட்டிவிட்டார். பையின்மேல் திகதி எழுதினார். ஒரு மயிருக்கு ஒரு மணி. மகரந்தம் சேராத மயிருக்குக் குலையில் பொக்கைதான் மிஞ்சும்.

“ஊர்ச் சோளன்தான் தாயா இருக்க வேணும் தம்பி. மாறிச் செய்தா மணி பிடிக்காது.”

அவர் கைப்பழக்கத்தில் கண்டதை அறிவியலும் சொல்கிறது. பல பொரிச்சோள வகைகளில் பிற சோளத்தின் மகரந்தத்தைத் தடுக்கும் மரபணு இருக்கிறது. ஊர்ச் சோளனைத் தாயாக வைத்தால் அந்தத் தடை குறுக்கே வராது.

பொரிச்சோள மணியின் தோல் கெட்டியானது, உள்மா இறுகியது. ஈரம் 14 சதவீதத்தை ஒட்டி இருந்தால், சுமார் 180 பாகைச் சூட்டில் உள்ளே நீராவி முட்டி மணி வெடித்து மலரும். ஊர்ச் சோளன் அப்படிப் பொரியாது. ஆனால் அதன் செடி இந்த மண்ணுக்கும் மாரிக்காற்றுக்கும் பழகியது. இரண்டு குணமும் ஒரே செடியில் வேண்டும் என்பது அக்காவின் ஆசை. கலப்பு மணிகளை நட்டு வரும் குலைகளில் குணங்கள் பிரிந்து வருகின்றன. ஒவ்வொரு குலையிலும் ஒரு பிடி உதிர்த்துத் தாச்சியில் வறுத்துப் பார்க்கிறார். வறுத்த மணி முளைக்காது. ஆனால் நன்றாகப் பொரிந்த குலையில் மிஞ்சியிருக்கும் மணிகள் அடுத்த போகத்துக்கு விதையாகும்.

அடுப்புக்கு மேலே பரணில், உறையைப் பின்னிக் கட்டிய குலைகள் புகை படிந்து தொங்கின. அந்தப் புகைதான் வண்டுக்கு எதிரான காவல். விதைக்குக் குலையின் நடுப்பகுதி மணிகள், நுனியும் அடியும் கோழிக்கு. ஐப்பசியில் எல்லா விதையையும் நட்டுவிடுவதில்லை. மழை ஏமாற்றினால் மறுபடி நட ஒரு பங்கு பரணிலேயே நிற்கும்.

2006 ஆகஸ்டில் போர் மூதூர் மக்களை இடம்பெயர்த்தபோது பரணோடு விதையும் போயிற்று. திரும்பி வந்தபின் அக்காவுக்கு அந்த விதையைக் கொடுத்தவர் கிண்ணியாவில் இருக்கும் ஒரு முஸ்லிம் தோழி. முன்பு அக்காவிடமிருந்தே வாங்கி, தன் வளவில் நட்டு வந்தவர்.

சோளனின் இயல்பே இந்தக் கைமாற்றத்தைக் கேட்கிறது. காற்றில் மகரந்தம் பரவும் பயிர் இது. ஐந்தாறு செடியிலிருந்தே தொடர்ந்து விதை எடுத்தால் சில தலைமுறைக்குள் செடி குறுகும், குலை சிறுக்கும். வீரியம் நிலைக்க நூறு செடியாவது வேண்டும். ஒரு வளவு அத்தனைக்கு இடம் தராது. அதனால் அயல் வீடுகளும் ஊர்ச் சோளனை நட்டு, அறுவடையில் விதையைக் கலந்து பங்கிடுகிறார்கள். அவர்களுடைய விதையில் கலப்பு ஏறாமலிருக்க அக்கா பொரிச்சோளனை நாள் தள்ளி நட்டு, சோதனைச் செடிகளுக்கு மட்டும் ஊர்ச் சோளனையும் பிந்தி விதைக்கிறார்.

கன்னொறுவையில் 1988 முதல் இயங்கும் தாவர மரபணு வள நிலையம் விதைகளைக் குளிரில் காக்கிறது. அது அவசியமான பணி. ஆனால் 2018இல் இலங்கைக்குள் நுழைந்த படைப்புழுவையும் தவறிப் பெய்யும் மழையையும் போகந்தோறும் எதிர்கொண்டு விதை பழகுவது வளவில்தான். வீட்டுத்தோட்டத்துக்கு விதைப் பொதி வழங்குவோர், ஊரார் கூடி விதை மாற்றிக்கொள்ள ஆண்டுக்கு ஒரு நாளையும் அமைத்துத் தர வேண்டும். பொதி ஒரு போகத்தோடு தீரும். பத்து வளவில் பரவிய விதையை ஒரு வளவின் இழப்பு அழித்துவிட முடியாது.