முகம் விழுகிற இடம்

சாதாரண இங்க்ஜெட் பிரிண்டரிடம் சாம்பல் நிறம் என்று ஒன்று கிடையாது. இருப்பது ஒரே ஒரு கறுப்பு மை. வெளிர் சாம்பல் வேண்டுமென்றால் கறுப்புப் புள்ளிகளைத் தள்ளித் தள்ளி வைக்கும். இல்லாவிட்டால் வண்ண மைகளைக் கலந்து சாம்பல் மாதிரி ஏதோ ஒன்றைச் செய்யும். முதல் வழியில் வெள்ளைச் சட்டையில் மிளகுத்தூள் தூவியதுபோல் இருக்கும். இரண்டாவதில் படம் ஜன்னலோரம் பச்சையடிக்கும், மஞ்சள் பல்புக்குக் கீழே சிவந்து நிற்கும். லோயாட் பிளாசாவில் ஒரு கடைத் தம்பி, "கறுப்பு வெள்ளதானண்ணே, எந்தப் பிரிண்டரும் ஓகேலா" என்றார். ஓகே இல்லை தம்பி.

இதற்கு எப்சன் 2005இல் கொண்டுவந்த வழி கே3 மை. கறுப்பு, வெளிர் கறுப்பு, அதைவிட வெளிர் கறுப்பு என மூன்று. இன்று எப்சனின் பி700, பி900, கேனனின் புரோ-1000 எல்லாவற்றிலும் கறுப்போடு இரண்டு சாம்பல் மைகள் உண்டு. கேனன் புரோ-300இல் ஒரே சாம்பல்தான். விலையை மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

ஆனால் இந்தச் சாம்பல் மைகளெல்லாம் பெரும்பாலும் வெளிர்ப் பகுதிக்குத்தான் உதவும். மேகம், பனி, வெளிறிய கன்னம். எனக்கு வேண்டியிருந்தது மறுகோடி.

என் பெரியம்மா முப்பது வருடம் பால்மரம் சீவியவர். லயத்து வாசலில், தகரக் கூரை நிழலில் அவரைப் படம் எடுத்தேன். ஒரு கடையில் கொடுத்து அச்சடித்தால் சேலை வந்தது, சுவர் வந்தது, சுவரில் தொங்கிய காலண்டரின் தேதிகூட வந்தது. முகம் வரவில்லை. கண்ணும் பல்லும் மட்டும். நம் ஆட்களை இப்படிப் பார்த்துப் பழகிவிட்டோம். "கறுப்பா இருந்தா அப்படித்தான் விழும்" என்று வீட்டிலேயே சொல்வார்கள். கோடாக் வண்ணப்பட ஆய்வகங்களுக்கு அனுப்பிய ஷெர்லி அட்டையில் பல வருடங்கள் ஒரு வெள்ளைக்காரப் பெண்தான் இருந்தார். அவர் தோல் சரியாக வந்தால் இயந்திரம் சரி. அது வண்ணப்பட விவகாரம்தான் என்றாலும், யார் தோலை நடுவில் வைத்து இயந்திரத்தைத் திருகுகிறோம் என்ற கேள்வி கறுப்பு வெள்ளைக்கும் பொருந்தும்.

அதனால் பிரிண்டரை நான் சோதிப்பது இப்படி. வெள்ளையிலிருந்து கறுப்பு வரை 21 கட்டங்கள் கொண்ட பட்டை ஒன்றை அச்சடிப்பேன். வெள்ளைப் பக்கம் எப்படியும் அழகாக வரும், அதைப் பார்க்க வேண்டாம். 80க்கும் 100க்கும் இடையில் உள்ள கட்டங்கள் தனித்தனியாகத் தெரிகிறதா? பெரியம்மா இருப்பது அங்கேதான். எப்சனின் கறுப்பு வெள்ளை முறையில், நான் திறந்தபோது, அடர்த்தி 'டார்க்கர்' என்று இருந்தது. ஒரு படி இறக்கி 'டார்க்' வைத்ததும் கன்னத்துக்கும் கழுத்துக்கும் நடுவே கோடு தெரிந்தது.

அடுத்தது காகிதம். கலைப்படம் என்றாலே பருத்தி மேட் காகிதம் என்று ஒரு நம்பிக்கை ஓடிக்கொண்டிருக்கிறது. தொட்டுப்பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மேட்டில் உச்சக் கறுப்பே தன்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய நூற்றில் இரண்டு பங்கைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. நல்ல பராட்டா காகிதத்தில் அது அரைப் பங்குக்குப் பக்கத்தில் இறங்கும். கீழே ஆழம் கூடினால், இருண்ட முகத்துக்குள் மேடு பள்ளம் வைக்க இடம் கூடும். அதனால் பராட்டாவும், அதற்கான போட்டோ பிளாக் மையும். மேட்டுக்கு வேறு கறுப்பு, மேட் பிளாக். பி800 மாதிரி பழைய இயந்திரங்களில் இரண்டு கறுப்புக்கும் ஒரே குழாய். மாற்றும்போதெல்லாம் மை வீணாகும். பி700இல் அந்தத் தொல்லை இல்லை. செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் ஜான் கோன் உருவாக்கிய பியசோகிராஃபி என்று ஒன்றுண்டு. வண்ண மைகளையே எடுத்துவிட்டு எல்லா இடத்திலும் கறுப்பும் சாம்பலும் ஊற்றுவது. ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு பிரிண்டரை அதற்கென்றே நேர்ந்துவிட வேண்டும், மையும் கடல் தாண்டி வர வேண்டும். என் சம்பளத்துக்கு ஆகாது. டை மை மலிவு, கறுப்பும் நன்றாக இறங்கும். ஆனால் வெளிச்சமும் காற்றும் பட்டு பிக்மென்ட்டைவிடச் சீக்கிரம் வெளிறும். நம் வீடுகளில் படம் கண்ணாடிகூட இல்லாமல் தொங்கும், ஜன்னலும் நாள் முழுக்கத் திறந்திருக்கும். பிக்மென்ட்தான்.

பி700 வாங்கினேன். ஏ3+ வரை அடிக்கும், கார்ட்ரிட்ஜ் ஒவ்வொன்றும் 25 மில்லிதான், கைக்காசு கரைகிறது. பெரியம்மா படத்தை நான்கு முறை அடித்துவிட்டேன். கேலரி விளக்கில் வைத்துப் பார்க்கச் சொன்னான் ஒரு நண்பன். பெரியம்மா வீட்டு ஹாலில் இருப்பது ஒரு நாலடி டியூப்லைட். நான்காவது பிரதியை அதன் கீழே பிடித்துப் பார்த்தோம். இடது தாடையில் இருக்கும் பழைய தழும்பைப் பெரியம்மாவே முதலில் காட்டினார்.