சதம்ப்டன் ரோ மூலையில் ஒரு நாடக வீடு

லண்டன் ஹோபன் நிலக்கீழ் ரயில் நிலையத்திலிருந்து வெளியே வந்து சதம்ப்டன் ரோ வழியாக வடக்கே நடந்தால், நடுத்தெருவில் பழைய டிராம் சுரங்கத்தின் வாய் இரும்புக் கம்பிகளுக்குப் பின்னால் திறந்து கிடக்கும். அதற்குப் பக்கத்தில், தியோபால்ட்ஸ் ரோடு வந்து சேரும் மூலையில், கொக்ரன் தியேட்டர் இருந்தது. வெஸ்ட் எண்ட் அரங்குகளின் பொன்முலாமும் சிவப்பு வெல்வெட்டும் அங்கே கிடையாது. நாடக உடைக் கலையைக் கற்பித்த ஜனெற்றா கொக்ரன் என்ற ஆசிரியையின் பெயரால், சென்ட்ரல் கலைக் கல்லூரிக்காக 1964-ல் திறக்கப்பட்ட கட்டடம். முந்நூற்றுச் சொச்சம் இருக்கைகள். ஜோ ஓர்ட்டனின் 'லூட்' 1966-ல் இங்கே மேடையேறித்தான் பெயர் எடுத்தது என்பார்கள் நாடக வரலாறு தெரிந்தவர்கள். எனக்கு அந்த வரலாறு பெரிதில்லை. 1992 முதல் 1995 வரை அந்தக் கட்டடம் 'தலாவா' நாடகக் குழுவின் வீடாக இருந்தது. கரிபியன் தீவுகளிலிருந்து வந்தவர்கள் லண்டன் நகரின் நடுவே, தங்கள் கதைகளுக்கென்று ஒரு கதவைத் திறந்து வைத்திருந்த அந்த ஆண்டுகள்தான் என் நினைவில் நிற்கின்றன.

அப்போது நான் மவுண்ட் பிளசண்ட் தபால் சோர்ட்டிங் ஆபீஸில் வேலை செய்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இறங்கியவனுக்கு லண்டனில் முதல் நட்பு வெள்ளைக்காரரோடு அமையவில்லை. பக்கத்தில் நின்று கடிதம் பிரித்த ஜமெய்க்காக்காரரோடும் பார்படோஸ்காரரோடும்தான் அமைந்தது. கடும் குளிரில் எந்தக் கையுறை போடலாம் என்பதில் தொடங்கி, எந்தத் தெருவில் இரவில் தனியே நடக்கக்கூடாது என்பது வரை அவர்கள்தான் சொல்லித் தந்தார்கள். அவர்களில் ஒருவர் கயானாவைச் சேர்ந்த பெரியவர். அவரை எல்லோரும் அங்கிள் என்றே அழைத்தோம். அவருடைய பூட்டி மதராஸ் துறைமுகத்தில் கப்பலேறிக் கரும்புத் தோட்டத்துக்குப் போனவள். அவருக்குத் தமிழ் தெரியாது, மாரியம்மாவைத் தெரியும். சிறுவயதில் பார்த்த மாரியம்மன் பூசையின் உடுக்கொலியை விரல்களால் மேசையில் தட்டிக் காட்டுவார். கயானாவிலும் ட்ரினிடாட்டிலும் இந்திய வம்சாவளியினர் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை அவர் சொல்லித்தான் அறிந்தேன்.

ரோஸ்பெரி அவென்யூ வழியாக நேரே நடந்தால் தியோபால்ட்ஸ் ரோடு வந்துவிடும். 38-ஆம் நம்பர் பஸ்ஸும் அதே வழிதான். வேலை முடிந்த ஒரு நாள் அங்கிள் என்னை அப்படித்தான் கூட்டிப்போனார். 1992 கிறிஸ்துமஸ் காலம். 'அராவக் கோல்ட்' என்ற ஜமெய்க்கப் பான்டோமைம், பாட்டும் பகிடியும் கலந்த கிறிஸ்துமஸ் நாடகம். கிங்ஸ்டன் நகரின் வார்ட் தியேட்டரில் கிறிஸ்துமசுக்கு மறுநாள் பான்டோமைம் தொடங்குவது 1941 முதல் அப்போது வரை நின்றுபோகாத வழக்கம். ஆங்கிலேயரிடமிருந்து வந்த வடிவம்தான். ஜமெய்க்கர்கள் அதற்குள் நாட்டுக் கதைகளில் வரும் அனன்சிச் சிலந்தியின் குறும்பையும் தங்கள் பேச்சுமொழியையும் நாட்டுப் பாட்டையும் புகுத்தி, தங்கள் சொத்தாக்கிக் கொண்டார்கள். அந்தச் சொத்தைக் கடல் கடந்து கொண்டுவந்து ஹோபனில் வைத்திருந்தது தலாவா.

மேடையில் பேசியதில் பாதி எனக்குப் புரியவில்லை. ஆனால் என்னைச் சுற்றி நடந்தது முழுவதும் புரிந்தது. தொப்பி வைத்த பெரியம்மாக்கள் மேடையோடு வாக்குவாதம் செய்தார்கள். ஒரு பாத்திரம் பொய் சொன்னால் பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து கண்டித்தார். நடிகர்கள் அதை இடையூறாக எடுக்கவில்லை. நின்று, வாங்கி, பதில் கொடுத்து, மேலே போனார்கள். எங்கள் ஊர்க் கோயில் வீதியில் பாய் விரித்துக் கூத்துப் பார்த்த சனம் இதைத்தான் செய்தது. லண்டனில் நாடகம் என்றால் மூச்சு விடாமல் இருந்து பார்ப்பது என்று எனக்குச் சொல்லப்பட்டிருந்தது. அந்த இரவில் அந்தப் பயம் போனது.

இடைவேளையில் முன்கூடம் நிரம்பி வழிந்தது. யாரோ பையில் கொண்டுவந்த இறைச்சி அடைத்த பாற்றியை அறியாதவர்களுக்கும் பிட்டுக் கொடுத்தார்கள். ஜமெய்க்கர் ஒருவர் ட்ரினிடாட்காரரின் பேச்சைப் பகிடி பண்ண, அவர் திருப்பிக் கொடுக்க, இரண்டு பேரும் சேர்ந்து பார்படோஸ்காரரைப் பிடித்துக்கொண்டார்கள். தீவுகளுக்கிடையே கடல் மட்டுமல்ல, பொறாமையும் போட்டியும் உண்டு. பிரிட்டனுக்கு வந்த பிறகுதான் அவர்களெல்லாம் ஒரே பெயரில் அழைக்கப்பட்டார்கள், ஒரே மாதிரி அவமதிக்கப்பட்டார்கள். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பதற்கு ஓர் இடம் தேவைப்பட்டது.

அந்த இடத்தைத் தேடித் தந்தவர் தலாவாவை நடத்திய இவோன் புரூஸ்டர். நான் அவரோடு ஒரு சொல்லும் பேசியதில்லை. ஆனாலும் ஒரு கலைக் குழுவுக்குத் தலைமை என்றால் என்ன என்று யாராவது கேட்டால், எனக்கு நினைவு வருவது அவர் பெயர்தான்.

1938-ல் கிங்ஸ்டனில் பிறந்தவர். 1956-ல் ரோஸ் புரூபர்ட் நாடகக் கல்லூரியில் படிக்க இங்கிலாந்து வந்தார். இங்கே படிக்கலாம், ஆனால் பிரிட்டிஷ் மேடையில் உனக்கு வேலை கிடைக்காது என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார்கள். அவர் படித்து முடித்து ஊருக்குத் திரும்பினார். 1965-ல் ட்ரெவர் ரோன் முதலான நண்பர்களோடு சேர்ந்து, தன் குடும்ப வீட்டின் கார்க் கொட்டகையை அரங்காக்கினார். அந்த அரங்குக்கு 'த பார்ன்' என்று பெயர். குழுவின் பெயர் 'தியேட்டர் 77'. 1977-க்குள், அதாவது பன்னிரண்டு ஆண்டுகளில், ஜமெய்க்காவில் நாடகத்தைத் தொழிலாகக் கொண்டு வாழ முடிய வேண்டும் என்பது இலக்கு. பெயரிலேயே கெடு வைத்துக்கொண்டு வேலை தொடங்கிய மனிதர்கள்!

மறுபடி லண்டன் வந்தபின், 1982 முதல் 1984 வரை, கலைகளுக்கு அரசு நிதி வழங்கும் ஆர்ட்ஸ் கவுன்சிலில் நாடக அதிகாரியாக இருந்தார். அந்தப் பதவிக்கு வந்த முதல் கறுப்பினப் பெண் அவர். அரசுப் பணம் எந்த மேசையில், யாருடைய சொல்லுக்கு அசைகிறது என்பதை உள்ளேயிருந்து பார்த்தார். கலைஞர்கள் பலர் இந்த அறிவை இழிவாக நினைப்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. நாடகம் போட நெஞ்சில் நெருப்பு வேண்டும். அடுத்த ஆண்டும் நாடகம் போட விண்ணப்பப் படிவத்தை நிரப்பத் தெரிய வேண்டும். புரூஸ்டரிடம் இரண்டும் இருந்தன.

1986-ல் லண்டன் நகர நிர்வாகமான கிரேட்டர் லண்டன் கவுன்சில் கலைக்கப்பட்டது. அதன் கடைசிக் காலத்து நிதியைக் கொண்டு மோனா ஹமொண்ட், கார்மென் மன்றோ, இனிகோ எஸ்பெஹெல் ஆகியோரோடு தலாவாவை அவர் தொடங்கினார். முதல் நாடகம் ஸி. எல். ஆர். ஜேம்ஸ் எழுதிய 'த பிளாக் ஜாக்கொபின்ஸ்'. ஹைட்டியின் அடிமைகள் எழுந்து பிரெஞ்சு ஆட்சியை வீழ்த்திய கதை. ஹமர்ஸ்மித்தின் ரிவர்சைட் ஸ்டூடியோவில் நோர்மன் பீட்டன், அந்த எழுச்சியின் தலைவர் தூஸான் லூவெர்த்தூராக நின்றார். ஜேம்ஸ் இந்தக் கதையை நாடகமாக்கி முதலில் அரங்கேற்றியது 1936-ல். பால் ரோப்சன் நடிக்க, விக்டோரியாவுக்கு அருகே உள்ள வெஸ்ட்மின்ஸ்டர் தியேட்டரில். அந்தத் தியேட்டரின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நோர்மன் பீட்டனையும் கார்மென் மன்றோவையும் எங்களுக்கு வேறு விதமாகத் தெரியும். சனல் 4-ல் 'டெஸ்மண்ட்ஸ்' ஓடிக்கொண்டிருந்த காலம் அது. பெக்கம் பகுதியில் ஒரு முடிதிருத்தும் கடை, அதில் கணவனும் மனைவியுமாக அவர்கள். ஐந்தாறு தமிழ்ப் பெடியன்கள் ஒன்றாக வாடகைக்கு இருந்த எங்கள் வீட்டிலும் அது ஓடும். ஊருக்குத் திரும்பிப் போவேன் என்று டெஸ்மண்ட் சொல்லும்போதெல்லாம் எங்களில் யாரும் சிரிப்பதில்லை. பீட்டன் 1994 டிசம்பரில், தான் பிறந்த கயானாவிலேயே காலமானார். மறுநாள் வேலையிடத்தில் அங்கிள் யாரோடும் பேசவில்லை.

கொக்ரனுக்கு வருகிறேன். புரூஸ்டர் ஒரு தீவுக்கு மட்டும் தலைவியாக இருக்கவில்லை என்பதை நாடகங்களின் பட்டியலே சொல்லும். ஜமெய்க்காவின் டென்னிஸ் ஸ்கொட், செயின்ட் லூசியாவின் டெரிக் வால்கொட், ட்ரினிடாட்டின் ஏர்ல் லவ்லேஸ் எல்லாம் கொக்ரனுக்கு முன்பே மேடையேறியிருந்தார்கள். கொக்ரனில் நைஜீரியாவின் சொயின்கா எழுதிய 'த ரோட்' வந்தது. 1993-ல் கயானாக்காரரான மைக்கேல் அபென்செட்ஸின் 'த லயன்' வந்தது. பதவி போய் லண்டனில் வாழும் தீவுத் தலைவர் ஒருவரின் கதை. அதை இங்கே ஆடி முடித்துக் கிங்ஸ்டனின் வார்ட் தியேட்டருக்கும் எடுத்துப் போனார்கள். புலம்பெயர்ந்தவர்களின் கதையைத் தாய்மண்ணில் வைத்து, இது உங்களுக்கும் உரியது என்று சொன்ன பயணம் அது. எனக்கு அது பெரும் காரியமாகத் தோன்றியது, இன்றும் தோன்றுகிறது.

1994-ல் 'கிங் லியர்'. பென் தொமஸ் லியர் மன்னர். மோனா ஹமொண்ட் விதூஷகர். அறுபது வயதைத் தாண்டிய ஒரு ஜமெய்க்கப் பெண், மன்னனின் முட்டாள்தனத்தை அவன் முகத்துக்கு நேரே சொல்லிக்கொண்டிருந்தார். கறுப்பினத்தவர்கள் ஷேக்ஸ்பியர் நடிக்கலாமா என்று அப்போதும் சிலர் கேட்டார்கள். தலாவா 1991-லேயே டோனா க்ரோலைக் கிளியோபாட்ராவாக மேடையேற்றியிருந்தது. இங்கிலாந்தின் செவ்வியல் நாடகங்கள் இங்கே வரி கட்டும் எல்லோருக்கும் சொந்தம் என்பது புரூஸ்டரின் நிலை. அதே நேரம், தீவுகளின் பேச்சுமொழி செவ்வியல் மேடைக்குத் தாழ்ந்ததல்ல என்பதும் அவர் நிலை. இரண்டையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டு நின்றது அவருடைய துணிவு. ஒன்றைப் பிடித்து மற்றதை விட்டிருந்தால் குழுவுக்குப் பணமும் புகழும் இலகுவாக வந்திருக்கும்.

இன்னொரு வேலையையும் அவர் ஓசையில்லாமல் செய்தார். கறுப்பின எழுத்தாளர்களின் நாடகங்களைத் தொகுத்து 'பிளாக் பிளேஸ்' என்று 1987, 1989, 1995 ஆகிய ஆண்டுகளில் மூன்று தொகுதிகள் வெளிவரச் செய்தார். மேடை ஏறிய நாடகம் அன்றிரவே முடிந்துவிடும். அச்சில் வந்தது யாரோ ஒரு மாணவியின் கையில் இருபது ஆண்டு கழித்தும் திறக்கும்.

1995-ல் தலாவா கொக்ரனை விட்டு வெளியேறியது. கட்டடம் கல்லூரியுடையது. சொந்தம் இல்லாத கூரையைத் தாங்குவதற்கும் அதன்கீழ் நாடகம் போடுவதற்கும் ஒரே சிறிய நிதி போதாது. அதற்கு முன்பே மற்றக் கறுப்பினக் கலைக் குழுக்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்திருந்தன. கயானாவின் ஒஸ்கார் ஏப்ரம்ஸ் இஸ்லிங்டனில் 1971-ல் தொடங்கிய கெஸ்கிடீ மையம் 1991-ல் மூடியது. 'டெம்பா' குழுவும் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நின்றது. நிதி கொடுத்தவர்கள் நாடகத்துக்குக் கொடுத்தார்கள். நாடகம் வாழும் வீட்டுக்குக் கொடுக்கத் தயங்கினார்கள் என்பதுதான் என் முடிவு. ஒரு சமூகத்துக்கு நல்ல நாடகங்கள் மட்டும் போதாது. எந்த நாளும் கதவு தட்டக்கூடிய ஒரு முகவரி வேண்டும். கொக்ரன் மூன்று, நான்கு ஆண்டுகளுக்கு அந்த முகவரியாக இருந்தது.

பிறகு வெஸ்ட்மின்ஸ்டர் தியேட்டரின் கதை. 2002-ல் அது தீப்பற்றி அழிந்தது. அந்த இடத்தில் தலாவாவுக்கென்று புதிய அரங்கம் கட்டத் திட்டம் இருந்தது. ரோப்சன் தூஸானாக நின்ற மண்ணில், தூஸானோடு தொடங்கிய குழு குடியேறப்போகிறது என்று நாங்கள் மகிழ்ந்தோம். 38-ஆம் நம்பர் பஸ்ஸில் ஏறிக் கடைசி நிறுத்தத்தில் இறங்கினால் போதும், அவ்வளவு கிட்ட. 2005-ல் ஆர்ட்ஸ் கவுன்சில் பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது, திட்டம் விழுந்தது. அந்தச் செய்தியை நான் அங்கிளுக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவர் அப்போது ஓய்வு பெற்று வீட்டோடு இருந்தார். நெடுநேரம் எதுவும் சொல்லவில்லை.

குழு விழவில்லை. புரூஸ்டருக்குப் பிறகு போலெட் ரண்டால், 2006-ல் ஜமெய்க்காவில் பிறந்த நாடகாசிரியர் பற்றிஷியா கம்பர், 2012-ல் மைக்கேல் பஃபோங் என்று பொறுப்புக் கை மாறியது. வீடில்லாத ஆண்டுகளிலும் புதிய எழுத்தாளர்களின் பிரதிகளை வாங்கி வாசித்துக் கருத்துச் சொன்னார்கள், இளையோருக்குப் பயிற்சி கொடுத்தார்கள். 2016-ல் டொன் வாரிங்டனை வைத்து மான்செஸ்டரில் மறுபடி ஒரு லியர் செய்தார்கள். தொடங்கியவர் போனதும் கலையாத குழுவைக் கட்டியதுதான் புரூஸ்டர் செய்த பெரிய வேலை என்று நான் எண்ணுகிறேன். எங்கள் கலைக் கழகங்கள் பல, தொடங்கியவரோடு முடிந்துபோனதைக் கண்ட மனம் இது.

கல்லூரி 2011-ல் கிங்ஸ் க்ராஸுக்கு இடம் மாறிய பின் கொக்ரன் தியேட்டர் மூடப்பட்டது. தலாவாவின் ஆவணங்கள் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. குழு தெற்கு லண்டனில் குரொய்டனின் ஃபேர்ஃபீல்ட் மண்டபத்துக்குக் குடிபோனது.

குரொய்டனிலும் சுற்றுவட்டாரத்திலும் ஆயிரக்கணக்கில் தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. தலாவா மேடை போடும்போது உங்கள் பிள்ளைகளை ஒருமுறை கூட்டிப்போங்கள். எங்களவர்களும் இந்த நகரில் வாடகை மண்டபங்களில் நாற்பது ஆண்டுகளாக நாடகம் போட்டு வருகிறார்கள். இலங்கையில் 1978-ல் தொடங்கிய தமிழ் அவைக்காற்று கலைக் கழகம் இங்கே வந்தும் ஆடியது. சிறிய குழுக்கள் எத்தனையோ ஆடி ஓய்ந்தன. அவற்றின் கைப்பிரதிகளும் துண்டுப்பிரசுரங்களும் புகைப்படங்களும் யாருடைய அலுமாரியிலாவது கிடக்கும். உங்கள் அலுமாரியில் இருந்தால் வீடு துப்புரவாக்கும்போது எறிந்துவிடாதீர்கள். நூலகம் நிறுவனம் போன்ற ஓர் ஆவணகத்துக்கு அனுப்பிவையுங்கள்.